எது இழுக்கும்?

கிள்ளானில் என் மாமாவின் பட்டறை தகரக் கூரை போட்டது. உள்ளே நுழைந்ததும் வலது பக்கச் சுவரோரம் இரண்டு கிரேங்க் தண்டுகளைச் சாய்த்து வைத்திருப்பார். ஒன்று நீளம், நிமிர்த்தினால் என் நெஞ்சு வரைக்கும் வரும். இன்னொன்று குட்டை, ஆனால் தடி. இரண்டுமே லோரி எஞ்சினிலிருந்து கழற்றியவை. நீளமானது, ஆறு சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும் எஞ்சினுடையது. குட்டையானது வி-எட்டு. நான்கு நான்காக எட்டு சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் சாய்ந்து, முன்னாலிருந்து பார்த்தால் விரித்த இரண்டு விரல்போலத் தெரியும் எஞ்சின்.

பள்ளி விடுமுறைக்கு அங்கே போகும்போதெல்லாம் மாமா கேட்பார். "சொல்லும்மா, இதுல எது நல்லா இழுக்கும்?" நான் தடியானதைக் காட்டுவேன். "ஹா, அதான். வி-எட்டு வி-எட்டுதான்" என்று சிரிப்பார். அந்தப் பதிலை நம்பி அவர் ஒரு வீட்டு மனையை விற்றிருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

1996-இல் மாமா சொந்தமாக ஒரு லோரி வாங்கினார். ஜப்பானிலிருந்து பழையதாக வந்து இங்கே புதுப்பிக்கப்பட்ட வண்டி. 16 லிட்டர் வி-எட்டு, டர்போ கிடையாது. பகாங்கில் உள்ள ஆலைகளிலிருந்து செம்பனை எண்ணெயை ஏற்றிக்கொண்டு காராக் நெடுஞ்சாலை வழியாகக் கிள்ளான் துறைமுகத்துக்கு வர வேண்டும். கெந்திங் செம்பா ஏற்றத்தை அறிந்தவர்களுக்கு அந்த வேலை என்னவென்று புரியும். அதே சமயம் அவருடைய கூட்டாளி ஒருவர் வரிசையாக ஆறு சிலிண்டர் உள்ள, 10 லிட்டர் டர்போ லோரி ஒன்றை வாங்கினார். மாமா அவரைக் கேலி செய்திருக்கிறார். பத்து லிட்டர் வண்டி பதினாறு லிட்டர் முன்னால் நிற்குமா? ஆனால் ஏற்றத்தில் இரண்டும் ஒன்றாகவேதான் ஏறின. டீசல் கணக்கில்தான் மாமா பின்தங்கினார். 1998-இல் பொருளாதார நெருக்கடியும் வட்டி உயர்வும் வந்தபோது கூட்டாளி தாக்குப்பிடித்தார், மாமாவால் முடியவில்லை. வண்டி போனது. முன்பு ஒரு தடவை எஞ்சினை இறக்கிக் கிரேங்க் மாற்றியபோது கழற்றிய பழைய தண்டு மட்டும் சுவரோரம் நின்றுவிட்டது.

"வி என்றால் இழுவை" என்ற நம்பிக்கை மாமாவுடையது மட்டுமல்ல. லோரிக்காரர்களிடமும், கார்ப் பைத்தியங்களிடமும், பின்கண்ணாடியில் வி-6 என்று ஒட்டிக்கொள்கிறவர்களிடமும் அது இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இழுவை என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். ஸ்பேனரைப் பிடித்து நட்டைத் திருகும்போது கை தருவதுதான் முறுக்குவிசை. எஞ்சினில் ஸ்பேனரின் வேலையைக் கிரேங்க் செய்கிறது. கையின் வேலையைப் பிஸ்டன்மேல் அழுத்தும் எரிவாயு செய்கிறது. நான்கு வீச்சு எஞ்சின் ஒன்றின் முறுக்குவிசையை இரண்டே விஷயங்கள் தீர்மானிக்கின்றன. சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு எவ்வளவு, அதற்குள் சராசரியாக எவ்வளவு அழுத்தம் உருவாகிறது. இரண்டையும் பெருக்கி ஒரு மாறாத எண்ணால் வகுத்தால் விடை வந்துவிடும். சிலிண்டர்கள் நேராக நிற்கின்றனவா, சாய்ந்து நிற்கின்றனவா என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

"நீள ஸ்ட்ரோக் என்றால் அதிக இழுவை" என்று சொல்பவர்களும் உண்டு. கிரேங்கின் கை நீளமாக இருந்தால் நெம்புகோல் நீளம்தானே என்பது வாதம். நெம்புகோல் நீளம்தான். ஆனால் அதே கொள்ளளவுக்குள் ஸ்ட்ரோக் நீண்டால் பிஸ்டனின் வட்டம் சிறுக்கும். வட்டம் சிறுத்தால் அதன்மேல் விழும் தள்ளு குறையும். ஒன்றில் கிடைத்தது மற்றொன்றில் போய்விடும். நீள ஸ்ட்ரோக் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது நன்றாக இழுப்பதாகத் தோன்றுவதற்குக் காரணம், அத்தகைய எஞ்சின்களின் வால்வையும் காற்றுக்குழாயையும் மெதுவான சுழற்சிக்கு ஏற்றாற்போல் வடிவமைப்பதுதான்.

இப்போது மாமாவின் கணக்குக்கு வருவோம். டர்போ இல்லாத டீசல் எஞ்சினில் லிட்டருக்கு 65, 70 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். 16 லிட்டருக்கு ஏறக்குறைய 1,100. டர்போவும் இண்டர்கூலரும் உள்ள தொண்ணூறுகளின் எஞ்சின் லிட்டருக்கு 110-ஐச் சுலபமாகத் தொடும். 10 லிட்டருக்கு அதே 1,100. கெந்திங் செம்பாவில் இரண்டும் ஒன்றாக ஏறியதில் மர்மம் எதுவுமில்லை. சுமந்து போன இரும்பிலும் குடித்த டீசலிலும்தான் வித்தியாசம்.

அப்படியானால் வி என்ற வடிவம் எதற்காக வந்தது? இழுவைக்காக வரவில்லை, இடத்துக்காக வந்தது.

1889-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் ஒரு வண்டியைக் காட்டினார்கள். சைக்கிள் போன்ற இரும்புச் சக்கர வண்டி. அதில் இருந்தது இரண்டு சிலிண்டர் வி எஞ்சின். இரண்டுக்கும் இடையே கோணம் 17 பாகைதான். விரலை விரித்தும் விரிக்காததுபோல. ஒரு சிலிண்டர் போதவில்லை, இரண்டாவதை வைக்க இடமில்லை, ஆகவே முதலாவதின் பக்கத்தில் சாய்த்து, இரண்டையும் ஒரே கிரேங்க் கையில் பூட்டினார்கள். வி எஞ்சினின் முழு வரலாறும் இந்த ஒரு தந்திரம்தான். இரண்டு பிஸ்டன்கள் ஒரு கையைப் பகிர்ந்துகொள்வதால் தண்டின் நீளம் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது.

நீளம் குறைந்தால் எடையும் குறையும். அதை முதலில் மோப்பம் பிடித்தவர்கள் பறக்க ஆசைப்பட்டவர்கள். பிரான்சில் லியோன் லெவாவசேர் செய்த வி-எட்டுக்கு, பணம் போட்ட முதலாளியின் மகள் பெயரை வைத்து ஆன்டுவானெட் என்று பெயரிட்டார். 1906-இல் சாந்தோஸ் துமோன் பாரிசில் பறந்தபோது அவருடைய விமானத்தில் உறுமியது ஓர் ஆன்டுவானெட். பிரான்சிலேயே டி டியோன் பூத்தோன் நிறுவனம் 1910 வாக்கில் வி-எட்டுக் கார்களை விற்கத் தொடங்கியது. அதைக் கவனித்துக்கொண்டிருந்த அமெரிக்காவின் கெடிலாக் 1914-இல் தன்னுடைய வி-எட்டை வெளியிட்டது. 5.1 லிட்டர், 70 குதிரைத்திறன். அந்தக் காலத்துக்கு அது மிரட்டலான எண்.

ஆனால் அந்தக் கெடிலாக் ஆடியது. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் வரிசை ஆறின் பெருமை முழுக்க இங்கேதான் இருக்கிறது.

பிஸ்டன் மேலே போய்க் கீழே வரும்போது எஞ்சினையும் ஆட்டும். ஒன்று மேலே போகும்போது இன்னொன்று கீழே வந்தால் ஆட்டம் அடங்கிவிடும் என்று நினைப்போம். முழுக்க அடங்காது. பிஸ்டனைக் கிரேங்கோடு இணைக்கும் கை சாய்ந்து சாய்ந்து வேலை செய்வதால், பிஸ்டன் தன் பாதையின் மேல் பாதியைக் கீழ்ப் பாதியைவிட வேகமாகக் கடக்கிறது. அதனால் மேலே போவதும் கீழே வருவதும் சரிக்குச் சரியாக ஈடாவதில்லை. மிச்சம் ஒரு நடுக்கம், ஒரு சுற்றுக்கு இரண்டு முறை. நாலு சிலிண்டர் கார்களில் ஸ்டீரிங்கில் விரல் வைத்தால் தெரியும் அந்த மெல்லிய கூச்சம் இதுதான். கெடிலாக்கின் முதல் வி-எட்டு, அடிப்படையில் இரண்டு நாலு சிலிண்டர் எஞ்சின்களைச் சாய்த்து ஒட்டியது. ஆகவே அந்த நடுக்கமும் கூடவே வந்தது, பக்கவாட்டில்.

வரிசையில் ஆறு சிலிண்டர்களை வைத்தால் இது நடப்பதில்லை. முதலாவதும் ஆறாவதும் சேர்ந்து ஏறும். இரண்டும் ஐந்தும் ஒரு ஜோடி. மூன்றும் நான்கும் ஒரு ஜோடி. இந்த மூன்று ஜோடிகளும் வட்டத்தை மூன்றாகப் பங்கிட்டு நிற்கின்றன. முன்பாதியும் பின்பாதியும் கண்ணாடியில் பார்த்ததுபோல ஒன்றுக்கொன்று பிம்பம். மேல் கீழ் ஆட்டம், அந்த இரட்டை நடுக்கம், முன்னும் பின்னுமாக ஊஞ்சலாடும் ஆட்டம் எல்லாமே தங்களுக்குள் கழிந்துவிடுகின்றன. கூடுதலாக எதையும் பொருத்த வேண்டியதில்லை. எனக்குக் கணிதத்தின் மேல் பெரிய காதல் இல்லை. ஆனால் இதைப் படித்த அன்று, சுவரோரம் இருந்த அந்த நீளத் தண்டைப் போய் மறுபடியும் பார்த்துவிட்டு வந்தேன்.

கெடிலாக் விடவில்லை. கிரேங்கின் கைகளை ஒரே தளத்தில் வைக்காமல், முன்னிருந்து பார்த்தால் சிலுவைபோலத் தெரியும்படி 90 பாகை 90 பாகையாகத் திருப்பினால் வி-எட்டின் நடுக்கமும் கழியும் என்று கண்டுபிடித்தார்கள். பீர்லெஸ் என்ற நிறுவனமும் அதே நேரத்தில் அதே இடத்துக்கு வந்திருந்தது. 1923, 1924 ஆண்டுகளில் இரண்டு நிறுவனங்களின் சிலுவைக் கிரேங்க் வி-எட்டுகளும் விற்பனைக்கு வந்தன. அமெரிக்க வி-எட்டின் அந்தக் குடுகுடு ஓசை இந்தச் சிலுவையிலிருந்துதான் பிறக்கிறது. வெடிப்புகள் ஒரு பக்கத்து நான்கு சிலிண்டர்களுக்குள் சீராக மாறி மாறி வராமல், சில நேரம் அடுத்தடுத்தும் சில நேரம் இடைவெளி விட்டும் வருவதால் அந்தத் தாளம். மாமாவின் லோரியும் அப்படித்தான் உறுமியிருக்க வேண்டும். காதுக்குப் பலமாகக் கேட்பது காலுக்கும் பலமாகத்தான் இருக்கும் என்று மனிதர்கள் நம்புவது இயல்பு.

இருபதுகளில் பணக்காரர்களின் கார்களில் இன்னொரு போட்டி நடந்தது. ஆறு நல்லதென்றால் எட்டு இன்னும் நல்லதுதானே? பேக்கர்ட், டூசன்பெர்க், புகாட்டி எல்லாரும் எட்டு சிலிண்டர்களையும் ஒரே வரிசையில் நிறுத்தினார்கள். பானெட் நீண்டுகொண்டே போனது; நீண்ட பானெட் கௌரவமும் ஆனது. சிக்கல் கிரேங்கில் வந்தது. நனைந்த துணியை இரண்டு முனையிலும் பிடித்துப் பிழிவதுபோல, ஒவ்வொரு வெடிப்பும் அந்த நீளத் தண்டை முறுக்கிவிடும். தண்டு திரும்பி நிமிரும். வேகம் கூடக் கூட இந்த முறுக்கலும் நிமிர்தலும் ஒத்திசைந்தால் தண்டே ஒடிந்துபோகும். 1954-இல் மெர்சிடிஸ் தன் டபிள்யூ-196 பந்தயக் காரில் இதற்கு ஒரு வழி செய்தது. எட்டையும் நான்கு நான்காகப் பிரித்து, சக்தியைத் தண்டின் கடைசியிலிருந்து எடுக்காமல் நடுவிலிருந்து எடுத்தது. ஃபாஞ்சியோ அதில் 1955-இன் உலகச் சாம்பியன் ஆனார். ஆனால் சாதாரணக் கார்களுக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாது. நல்ல பெட்ரோல் வந்து சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறியதும், பேக்கர்டும் போன்டியாக்கும் 1954-ஆம் ஆண்டோடு நேர்-எட்டைக் கைவிட்டன. இங்கே ஒரு நுட்பம் உண்டு. எஞ்சினின் அமைப்பு முறுக்குவிசையை உண்டாக்குவதில்லை. ஆனால் எவ்வளவு முறுக்குவிசையைத் தாங்கலாம் என்பதில் அதற்குப் பங்கிருக்கிறது. குட்டைத் தண்டு எளிதில் முறுகாது. "வி என்றால் பலம்" என்ற நம்பிக்கையில் உண்மை இருக்குமானால் இவ்வளவுதான்.

இனி ஹென்றி ஃபோர்டு. வி-எட்டு பணக்காரரிடமிருந்து கூலிக்காரனிடம் வந்த கதை இவருடையது.

1929-இல் செவர்லே, நாலு சிலிண்டர் விலைக்கு ஆறு சிலிண்டர் என்று விற்கத் தொடங்கியது. ஃபோர்டின் மாடல்-ஏ நாலு சிலிண்டர்தான். பதிலுக்கு ஆறு செய்வதே நியாயம். ஆனால் கிழவருக்கு ஆறைப் பிடிக்காது. 1906-இல் அவர் விற்ற ஆறு சிலிண்டர் கார் ஒன்று நல்ல பெயர் வாங்கவில்லை. அந்தக் கசப்பு போகவே இல்லை. நேராக எட்டுக்குத் தாவினார். டியர்போர்னில் அவர் அமைத்திருந்த அருங்காட்சியகக் கிராமத்தில், எடிசனின் பழைய ஆய்வுக்கூடத்துக்குள் இரண்டு மூன்று பேரை உட்காரவைத்து இரகசியமாக வரையச் சொன்னார்.

அதுவரை வந்த வி-எட்டுகளில் பெரும்பாலானவை துண்டு துண்டாக வார்த்து, போல்ட் போட்டுச் சேர்த்தவை. அதனால்தான் விலை. ஃபோர்டு கேட்டது, இரண்டு பக்கச் சிலிண்டர்களும் கிரேங்க் அறையும் சேர்ந்து ஒரே வார்ப்பாக வேண்டும் என்பது. மணல் அச்சுக்குள் அத்தனை உள்ளறைகளையும் அசையாமல் நிறுத்தி இரும்பை ஊற்ற வேண்டும். ஓர் அச்சு மயிரிழை நகர்ந்தாலும் சிலிண்டர்ச் சுவர் ஓட்டையாகிவிடும். தொடக்கத்தில் வார்த்ததில் பெரும்பகுதி மறுபடியும் உலைக்குத்தான் போனது. கடைசியில் வந்துவிட்டது. 1932 மார்ச் இறுதியில், பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவில், 3.6 லிட்டர், 65 குதிரைத்திறன் வி-எட்டுக் கார் 500 டாலருக்கும் குறைந்த விலையில் கடைக்கு வந்தது. குறை இல்லாமலில்லை. எரிந்த சூட்டு வாயு எஞ்சின் கட்டைக்குள்ளேயே புகுந்து வெளியேறியதால் தண்ணீர் கொதித்துவிடும். ஆனாலும் 21 வருஷம் அந்த எஞ்சின் ஓடியது. வி-எட்டு என்றால் சாதாரண மனிதனும் எட்டிப் பிடிக்கக்கூடிய வலிமை என்ற கற்பனை இங்கேதான் வேர்விட்டது என்று நினைக்கிறேன்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் வேறு கதை. அங்கே சாலைவரி எஞ்சினின் 'குதிரை'யைப் பொறுத்தது. 1921-இலிருந்து ஒரு குதிரைக்கு ஒரு பவுண்டு. அந்தக் குதிரையை எப்படி அளந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. சிலிண்டரின் விட்டத்தையும் எண்ணிக்கையையும் மட்டும் எடுத்துக்கொள்வார்கள். ஸ்ட்ரோக் கணக்கிலேயே வராது. உடனே ஆங்கிலேயர்கள் ஒல்லியான, உயரமான சிலிண்டர்களாகச் செய்யத் தொடங்கினார்கள். ஃபோர்டின் வி-எட்டு அங்கே போனபோது 30 குதிரை என்று வரி விழுந்தது. சமாளிக்க, விட்டம் சிறுத்த 22 குதிரை வி-எட்டு ஒன்றைத் தனியாகச் செய்ய வேண்டியிருந்தது. மலாயாவின் சாலைகளில் துரைமார் ஓட்டிய ஆஸ்டினும் மோரிசும் இந்த வரிக்குப் பிறந்த பிள்ளைகள்தாம். நம் தாத்தாக்கள் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஒதுங்கி நின்று பார்த்த கார்களின் எஞ்சின் வடிவத்தை லண்டனில் ஒரு நிதிச் சட்டம் தீர்மானித்திருக்கிறது.

இந்த ஃபோர்டு கதை நம் பக்கம் வேறு வழியிலும் வந்தது. 1941 அக்டோபரில் சிங்கப்பூரின் புக்கிட் தீமாவில் ஃபோர்டு மலாயாவின் புதிய தொழிற்சாலை திறந்தது. நான்கே மாதத்தில், 1942 பிப்ரவரி 15 அன்று, பெர்சிவல் யாமாஷிதாவிடம் சரணடைந்த மேசை அந்தத் தொழிற்சாலைக்குள்தான் போடப்பட்டிருந்தது. இன்று அது நினைவகம்.

அந்தப் போரில் காமன்வெல்த் படைகள் ஓட்டிய லோரிகளில் ஏராளம் கனடாவில் செய்தவை. எனக்குத் தெரிந்தவரை, வரிசையா வி-யா என்ற வாதத்துக்கு வரலாறு தானாகவே நடத்திக் காட்டிய சோதனை இதுதான். கனடா, ஃபோர்டிடமும் செவர்லேயிடமும் ஒரே மாதிரி இராணுவ லோரியைச் செய்யச் சொன்னது. மூக்கு தட்டையான அதே கூண்டு, அதே வேலை, அதே சுமை. எஞ்சினை மட்டும் அவரவர் கையிலிருப்பதைப் போட்டுக்கொண்டார்கள். ஃபோர்டு தன் 3.9 லிட்டர் வி-எட்டைப் போட்டது, 95 குதிரைத்திறன். செவர்லே தன் 3.5 லிட்டர் நேர்-ஆறைப் போட்டது, 85. லிட்டருக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். இரண்டிலும் ஏறக்குறைய 24. பாலைவனத்திலும் பர்மாவிலும் மலாயாவிலும் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. எந்த இராணுவமும் ஒன்றை ஏற்று மற்றதைத் தள்ளிவைக்கவில்லை. போர் முடிந்து கைவிடப்பட்ட இராணுவ லோரிகள், பிறகு நெடுங்காலம் நம் காடுகளில் வெட்டுமரம் இழுத்தன. அதை ஓட்டியவர்களில் எத்தனை பேர் பானெட்டுக்கடியில் இருப்பது வரிசையா வி-யா என்று கவலைப்பட்டிருப்பார்கள்?

வி-ஆறின் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1950-இல் இத்தாலியின் லான்சியா, ஔரேலியா என்ற காரில் அதை முதன்முதலில் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. 60 பாகைக் கோணம், அழகான பொறியியல். ஆனால் வி-ஆறு உலகெங்கும் பரவியதற்கு அழகு காரணமில்லை. எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு கார்கள் சுருங்கின. முன் சக்கரம் இழுக்கும் கார்களில் எஞ்சினைக் குறுக்காகக் கிடத்த வேண்டி வந்தது. இரண்டு முன் சக்கரங்களுக்கு நடுவில் நேர்-ஆறைக் குறுக்காகக் கிடத்தினால் கியர் பெட்டிக்கு இடமில்லை. வி-ஆறு அடங்கும். ஆட்டம் இருக்கிறதே என்றால், எதிர்த்திசையில் சுற்றும் ஒரு தண்டைப் போட்டுக்கொள் என்றார்கள். கிட்டத்தட்ட முப்பது வருஷம் உலகம் அப்படியே ஓடியது.

நம் நாட்டுக்கும் ஒரு வி-ஆறு வந்தது. தொண்ணூறுகளின் இறுதியில் புரோட்டோன் பெர்டானாவில் மிட்சுபிஷியின் 2 லிட்டர் வி-ஆறு. அமைச்சர்கள் போகும் கார். எங்கள் தெருவில் ஒருவர் வாங்கியபோது, பின்னால் ஒட்டியிருந்த அந்த வி-6 சின்னத்தைத் துணியால் தனியாகத் துடைப்பதைப் பார்த்திருக்கிறேன். அதன் முறுக்குவிசை சுமார் 180 நியூட்டன் மீட்டர். 2008-இல் திரெங்கானு மாநில அரசு, பெர்டானாவின் பராமரிப்புச் செலவு அதிகம் என்று சொல்லி மெர்சிடிஸ் இ-200 கார்களை வாங்கியது. நாடே அதைப் பற்றிப் பேசியது. தேசியக் காரை விடலாமா, மக்கள் பணம் என்னாவது என்று ஒரே சூடு. அந்தச் சூட்டில் யாரும் எஞ்சினைத் திறந்து பார்த்ததாக எனக்கு நினைவில்லை. திறந்திருந்தால் வேடிக்கை. வந்த மெர்சிடிசில் இருந்தது வெறும் 1.8 லிட்டர், வரிசையில் நாலே சிலிண்டர். ஆனால் காற்றை அமுக்கித் திணிக்கும் சூப்பர்சார்ஜர் இருந்ததால் முறுக்குவிசை 250. ஆறு சிலிண்டர் வி-யை நாலு சிலிண்டர் வரிசை தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. அந்த வாங்கலை நான் நியாயப்படுத்தவில்லை. மாமாவின் வீட்டு மனைக் கணக்கு மறுபடியும் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது என்கிறேன்.

அதே மெர்சிடிஸ் 1997-இல் தன் நேர்-ஆறைக் கைவிட்டு வி-ஆறுக்கு மாறியிருந்தது. வி-எட்டையும் வி-ஆறையும் ஒரே தொழிற்சாலை வரிசையில் செய்யலாம், மோதலில் நொறுங்கப் பானெட்டுக்குள் இடமும் மிச்சமாகும் என்று அப்போதைய காரணங்கள். 2017-இல் மறுபடியும் நேர்-ஆறுக்கே திரும்பியது. இந்தத் தடவையும் காரணம் இழுவை அல்ல. ஏர்கோன், தண்ணீர்ப் பம்ப் போன்றவற்றை மின்சாரத்தில் ஓட்டத் தொடங்கியதால் எஞ்சினின் முன்னால் பெல்ட்டே தேவைப்படவில்லை. அதனால் நீளம் குறைந்தது. புகையைச் சுத்தப்படுத்தும் கருவி சீக்கிரம் சூடேற வேண்டும், அதற்கு அது எஞ்சினை ஒட்டி இருக்க வேண்டும். வரிசை எஞ்சினில் புகை ஒரே பக்கமாக வரும், ஒரே கருவி போதும். வி-யில் இரண்டு பக்கமும் வேண்டும். போதாததற்கு நாலு சிலிண்டரும் ஆறு சிலிண்டரும் ஒரே குடும்பமாகிவிடும். இரண்டு சிலிண்டரைக் கூட்டினால் போதும். சிலிண்டர் தலை ஒன்று, டர்போவுக்கு ஒரே பக்கம், எல்லாமே மலிவு. 2019-இல் ஜாகுவார் லேண்ட் ரோவரும், 2022-இல் மஸ்டாவும் புதிய நேர்-ஆறுகளோடு வந்தன. பி.எம்.டபிள்யூ 1933-இல் தொடங்கிய நேர்-ஆறை இந்த ஆண்டுகளில் விடாமல் பிடித்துக்கொண்டு, இவர்கள் எல்லாரும் போய்விட்டு வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

லோரியில் வி-எட்டு என்றால் இன்று ஸ்கேனியாதான். 1969-இல் 14 லிட்டர், 350 குதிரைத்திறன் என்று வந்தபோது ஐரோப்பாவிலேயே அதுதான் பலசாலி. வி-யைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அங்கேயும் நீளம்தான். ஓட்டுநரின் கூண்டு எஞ்சினுக்கு மேலேயே உட்காரும் லோரியில் குட்டை எஞ்சின் வசதி. 2020-இல் வந்த அதன் பெரிய வி-எட்டு 16.4 லிட்டர், 3,700 நியூட்டன் மீட்டர். அதே சுவீடனின் வோல்வோ 2024-இல் பதில் சொன்னது. 17.3 லிட்டர், வரிசையில் ஆறு, 3,800. லிட்டருக்கு வகுத்தால் ஒன்று 225, இன்னொன்று 220. ஐம்பது வருஷப் பகை கடைசியில் ஐந்து நியூட்டன் மீட்டர் வித்தியாசத்தில் வந்து நிற்கிறது.

போன தீபாவளிக்கு மாமா வீட்டுக்குப் போனபோது இந்தக் கணக்கையெல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார். 16 லிட்டர், 10 லிட்டர் வரியில் விரல் நின்றது. அவரே மனதுக்குள் பெருக்கிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. அத்தை முறுக்குத் தட்டோடு வந்து எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

"இத நீ அப்பவே சொல்லியிருக்கலாம்லா" என்றார் மாமா.

"அப்ப எனக்கு ஏழு வயசு மாமா."

"தெரியும் தெரியும்." தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "ஆனா ஒண்ணுமா. ராத்திரி பெந்தோங் தாண்டி நான் ஏத்தம் ஏறி வருவேன்ல, கீழ கடையில உக்காந்து இருக்கறவன் சத்தத்த கேட்டே சொல்லிடுவான், நான்தான் வர்றேன்னு. தேத்தண்ணி போட்டு வச்சிருவான்."

சுவரோரம் இருந்த தடித்த தண்டைப் பற்றிக் கேட்டேன். பழைய இரும்புக்காரர் கேட்டாராம், இன்னும் விலை படியவில்லையாம்.